ரிவிங்டன் சுவர்களும் சிமென்ட்டும் – கடிதம்

வணக்கம். மான்செஸ்டரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ரிவிங்டன் மலைச்சரிவுத் தோட்டத்தைப் பார்த்தேன். அழகாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் புதர்களை வெட்டிப் போடுகிறார்களாமே, ஏன்? சில கல்சுவர்கள் வயிறு தள்ளி நிற்கின்றன. சந்துகளில் சிமென்ட் பூசிவிட்டால் தீராதா? எரிக்கப்பட்ட பங்களா பற்றியும் எழுதுங்கள்.
– செல்வி

அன்புள்ள செல்வி,

வெளியூர் போன இடத்தில் கடைத்தெருவை விட்டுவிட்டு ஒரு சுவரின் வயிற்றைக் கவனித்திருக்கிறீர்கள். அந்தக் கண்ணுக்காகவே இந்தப் பதில். சில வாரங்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருந்ததும் சுவர்கள்தான்.

பங்களா கதை சுருக்கமானது. தோட்டத்தின் சொந்தக்காரரான லீவரின் வீடு அது. 1913 ஜூலையில் பெண்கள் வாக்குரிமைக்காக எடித் ரிக்பி அதற்குத் தீ வைத்தார். அதன்பின் கல்லில் எழும்பிய வீட்டை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இடித்தார்கள். போதும்.

புதர் விஷயம். நீலகிரிச் சோலை ஓரத்தில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் அந்த மண்ணின் மரம். ரிவிங்டனில் மண்டியது பான்டிகம் என்ற வேறு இனம், வெளியிலிருந்து கொண்டுவந்தது. அதன் நிழலில் வேறெதுவும் முளைக்காது. தூள் போன்ற விதை பாசி படிந்த கல்சந்தில் விழுந்து வேர்விட்டு, கல்லை நெம்பிவிடும். வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். வெட்டிய கையோடு கட்டையில் களைக்கொல்லி தடவ வேண்டும். பூவைப் பார்த்து இரங்காதீர்கள்.

இனி சிமென்ட். இதை நீங்கள் எழுதியிருக்கவே கூடாது. நம் வீட்டுச் சோப்புக்கட்டியில் பெயர் இருந்த அதே லீவர், தோட்ட வடிவமைப்பாளர் தாமஸ் மாசனைக் கொண்டு 1905 முதல் வளர்த்த தோட்டம் அது. மேலே மரமில்லாத மூர் வெளி. அதன் பீட் மண், அதாவது செடிகள் மட்கிச் சேர்ந்த கறுப்பு மண், மழையைக் குடித்து வைத்துக்கொண்டு சரிவில் கசியவிட்டபடியே இருக்கும். சாந்தில்லாமல் அடுக்கிய தாங்குசுவருக்கு அதன் ஆயிரம் சந்துகளும் வடிகால். அவற்றை அடைத்தால் தண்ணீர் பின்னால் தேங்கும். இரண்டு மீட்டர் உயரத்துக்கு நிரம்பினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய இரண்டு டன் விசையோடு தள்ளும். ஈரமண்ணின் தள்ளல் அதற்கு மேல். குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து 9 சதவீதம் பருக்கும். நீங்கள் பூசச் சொன்ன சிமென்ட், கல்லை விடக் கெட்டி. விரிசல் அதில் விழாமல் கல்லின் முகத்தில் விழுந்து, செதில் செதிலாக உதிரும். தோட்டத்தில் சாந்து வைத்தே கட்டிய கோபுரத்துக்கும் வளைவுக்கும்கூடச் சுண்ணாம்புச் சாந்துதான் சரி.

வயிறு தள்ளிய சுவருக்கு ஒரே வைத்தியம், பிரித்து அடுக்குவது. இருபுறமும் உறுதியான பகுதி வரும்வரை பிரிக்க வேண்டும். கற்களை அளவுவாரியாகத் தரையில் பரப்பி, சுவரின் உச்சியில் வரும் தலைக்கல்லைத் தூரத்தில் வைக்க வேண்டும், அது கடைசியில்தான் தேவைப்படும். கெட்டித் தரை வரும்வரை அடியைத் தோண்டிப் பெரிய கல்லை முதலில் இடுவது. ஆறடி உயர்ந்தால் ஓரடி மேட்டுப்பக்கம் சாய வேண்டும். ஒவ்வொரு கல்லின் நீளமும் மேட்டுக்குள் போகட்டும். நீளத்தை வெளியே காட்டி வைத்தால் சுவர் பார்க்க அழகாக இருக்கும், சில குளிர்காலங்களில் உரிந்து விழும். கீழ்ச்சந்தின் மேல் மேற்சந்து வரவே கூடாது. இடையிடையே மேட்டுக்குள் ஆழமாகப் போகும் பிணைப்புக் கல் வேண்டும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் உள்ளேதான். சுவரின் நடுவே நிரப்பும் சில்லுக்கல்லைக் கையால் ஒவ்வொன்றாக இறுக்கி வைக்காமல், மண்வெட்டியால் மண்ணை வாரிக் கொட்டுவார்கள். மண் கரைந்து கீழே இறங்கும், நடுவில் வெற்றிடம் விழும், சுவர் வயிறு தள்ளும். நீங்கள் பார்த்ததும் அநேகமாக இதுதான். சுவரின் பின்னால் ஓரடி அகலத்துக்கு மண் கலக்காத உடைகல் நிரப்ப வேண்டும். மண் அதில் இறங்காமலிருக்க, நீர் கசியவிடும் துணியை இடையில் விரிக்கலாம்.

தோட்டத்தைச் சீரமைக்க 34 லட்சம் பவுண்டு லாட்டரி நிதி வந்தும் வேலை ஏன் மெதுவாக நடந்தது என்று யாராவது கேட்டால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு நாளில் ஒருவர் அடுக்கக்கூடியது சில சதுர மீட்டர்தான்.

அடுத்த முறை மழை விட்ட மறுநாள் போங்கள். சுவரின் அடிக்கற்களில் தண்ணீர் கசிந்தால் நல்லது. மேலே ஈரம் ஊறி, அடி காய்ந்து கிடந்தால் உள்ளே எங்கோ அடைத்திருக்கிறது. அந்த இடத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு குடையைச் சாய்த்து வைத்தால் உயரம் தெரியும்.