சத்தம் இல்லையென்றாலும் எக்கோ எதற்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மரபணுக் கோளாறோடு பிறந்த பிள்ளைகளின் இதயத்தைப் பற்றிச் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எக்கோவை, அதாவது ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேனை, யாராவது ஞாபகப்படுத்திவிடுவார்கள். விட்டுப்போவது பெரும்பாலும் பிபிதான். அதனால் பிபி பேச்சு சற்றுத் தூக்கலாகவே இருக்கும்.

பேத்தி பிறந்து பத்து நாள் ஆகிறது, டாக்டர். டவுன் சிண்ட்ரோம் என்று சொல்லிவிட்டார்கள். இதயத்தில் சத்தம் எதுவும் கேட்கவில்லை, வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கேனும் நன்றாக இருந்தது. அப்புறமும் எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். பச்சைப் பிள்ளையை ஏன் அலைக்கழிக்க வேண்டும்? (ஈசூன்)

எடுத்துவிடுங்கள் அம்மா, தள்ளிப்போட வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதாவது பிறவிக் குறை இருக்கும். கர்ப்பகால ஸ்கேனில் எல்லாமே பிடிபடும் என்று சொல்ல முடியாது. பிறந்த முதல் சில வாரங்களுக்கு நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருக்கும். இதயச் சுவரில் பெரிய ஓட்டை இருந்தாலும் அதன் வழியே ரத்தம் வேகமாகப் பாயாது. அதனால் ஸ்டெதஸ்கோப்பில் சத்தமும் கேட்காது. அந்த அழுத்தம் இறங்கிய பிறகுதான் பால் குடிக்கும்போதே மூச்சு வாங்குவது, நெற்றி வியர்ப்பது, எடை ஏறாமல் நிற்பது எல்லாம் தொடங்கும். பெரிய ஓட்டையை முதல் ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சையில் சரிசெய்வதுதான் வழக்கம். கவனிக்காமல் விட்டால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் தடித்துப்போய், பிறகு ஓட்டையை மூடவே முடியாத நிலை வந்துவிடும்.

எக்கோவில் ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. நெஞ்சில் ஜெல் தடவிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். பால் குடித்துவிட்டுக் கண் சொக்கும் நேரமாகப் பார்த்துக் கொண்டுபோனால் பிள்ளை பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும்.

எங்கள் மகனுக்கு 6 வயது, வில்லியம்ஸ் சிண்ட்ரோம். ஒவ்வொரு முறையும் பிபி ஒவ்வொரு மாதிரி காட்டுகிறது. பிபி மெஷினைக் கண்டாலே அழுகிறான். மருந்துக்கடையில் ஒன்று வாங்கி வீட்டிலேயே பார்க்கலாமா? (செங்காங்)

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வில்லியம்ஸில் எலாஸ்டின் என்ற புரதத்துக்கான மரபணுவின் ஒரு பிரதி காணாமல் போயிருக்கும். ரத்தக்குழாய்களுக்கு இழுபடும் தன்மை தருவதே அந்தப் புரதம்தான். அது குறைவதால் பெருந்தமனி, இதயத்திலிருந்து கிளம்பும் இடத்துக்குச் சற்று மேலே குறுகலாம். சிறுநீரகத்துக்குப் போகும் தமனியும் குறுகலாம். பின்னது பிபியை ஏற்றிவிடும். ஆக, இவனுக்கு பிபி பார்ப்பது வெறும் சடங்கு இல்லை.

அழுகைக்கு வருவோம். இந்தப் பிள்ளைகளில் பலருக்குச் சத்தம் என்றாலே ஆகாது. தானியங்கி மெஷின் விர்ரென்று காற்றடித்து பீப் போடும்போது பாதிப் பயம் அந்தச் சத்தத்தால்தான். கையால் காற்றடித்து ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கும் பழைய முறையில் பார்க்க முடியுமா என்று நர்ஸிடம் கேளுங்கள். மெஷினில் அதிகமாக வந்தால் எப்படியும் அந்த முறையில்தான் உறுதிசெய்ய வேண்டும். அழும்போது எடுத்த எண்ணை எழுதவே வேண்டாம். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, முதுகைச் சாய்த்து, கால் தரையில் பட, கை இதய மட்டத்தில் இருக்கும்படி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கையில் சுற்றும் பட்டை. அதன் உள்ளே இருக்கும் காற்றுப்பையின் அகலம் மேற்கைச் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். நீளம் சுற்றளவில் 80 முதல் 100 சதவீதம் வரை. பட்டை சின்னதாக இருந்தால் இல்லாத கொதிப்பைக் காட்டும், பெரிதாக இருந்தால் இருக்கிற கொதிப்பை மறைக்கும். கடையில் விற்பவை பெரும்பாலும் பெரியவர்களுக்கானவை. மணிக்கட்டில் கட்டுவது வேண்டவே வேண்டாம். குழந்தைகளுக்கு என்று சோதிக்கப்பட்ட மெஷினும் சரியான பட்டையும் கிடைத்தால் வீட்டில் பார்க்கலாம். வாங்கியதும் மருத்துவமனைக்கு ஒருமுறை எடுத்துப்போய் அங்குள்ள அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு கையிலும் பார்க்க வேண்டும்; வில்லியம்ஸில் இரண்டும் வேறுபடலாம். அதிகம் காட்டும் கையை இனி எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள்.

13 வயது வரை 'இதற்கு மேல் போனால் கொதிப்பு' என்று ஒரே எண் கிடையாது. வயது, பாலினம், உயரம் மூன்றையும் வைத்து அட்டவணையில் பார்க்க வேண்டும். 13 முடிந்தால் 130/80. சந்தேகம் தீராவிட்டால் 24 மணி நேரமும் கையில் கட்டியிருக்கும் மானிட்டர் இருக்கிறது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல் பிடுங்குவதற்குக்கூட மயக்க மருந்து என்றால், முன்னதாகவே இதய டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வில்லியம்ஸ் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து சாதாரண விஷயம் இல்லை.

மகளுக்கு 11 வயது, டர்னர் சிண்ட்ரோம். கையில் பார்த்தது போதாது என்று காலிலும் பிபி பார்த்தார்கள். எதற்கு? (ஜூரோங் வெஸ்ட்)

பெருந்தமனி நடுவழியில் குறுகியிருந்தால் கையில் அழுத்தம் ஏறி, காலில் இறங்கிவிடும். சாதாரணமாகக் காலில் கைக்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் முழுதாகவோ பகுதியாகவோ இல்லாமல் போவதுதான் டர்னர். அதில் இந்தக் குறுகலும், மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழோடு இருக்கும் பெருந்தமனி வால்வும் மற்றவர்களைவிட அதிகம். எக்கோ ஒருமுறை சரியாக இருந்தாலும், மயக்கம் கொடுக்காமல் அசையாது படுக்கும் வயது வந்ததும் எம்ஆர்ஐ எடுப்பது நல்லது. பிபி வருடம் தவறாமல். இன்னொன்று, உங்கள் மகள் குள்ளமாக இருந்தால் அவளுக்கான வரம்பும் கீழே இருக்கும். உயரமான வகுப்புத் தோழிக்குச் சரியான எண் இவளுக்கு அதிகமாக இருக்கலாம்.

என்எஃப்1 (நியூரோஃபைப்ரோமடோசிஸ், நரம்புகளில் கட்டிகள் வரக்கூடிய மரபணுக் கோளாறு) உள்ள மகனுக்குத் தோலில் புள்ளிகள் மட்டும்தான். பிபியும் பார்க்க வேண்டுமா? (பொங்கோல்)

ஆமாம், வருடத்துக்கு ஒருமுறையாவது. சிறுநீரகத் தமனிக் குறுகல் இதிலும் வரும், அது தோலில் தெரியாது.

கணவருக்கு மார்ஃபன் (பெருந்தமனியைப் பலவீனமாக்கும் பரம்பரைக் கோளாறு), பெருந்தமனியில் அறுவை சிகிச்சை நடந்தது. மகனுக்கு 12 வயது, பள்ளியில் கூடைப்பந்து ஆடுகிறான். இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த எக்கோ நன்றாக இருந்தது. மரபணுச் சோதனை செய்தால் பிறகு காப்பீடு கிடைக்காது என்கிறார்கள். என்ன செய்வது? (உட்லண்ட்ஸ்)

பயத்தால் தள்ளிப்போடாதீர்கள். கணவரின் மரபணுவில் எந்த இடத்தில் மாற்றம் என்பது தெரிந்திருந்தால், மகனுக்கு அதை மட்டும் பார்த்தால் போதும். இல்லை என்று வந்தால் மார்ஃபனுக்காக இனி எக்கோவே தேவையில்லை. இருக்கிறது என்று வந்தால் வருடாவருடம் எடுக்க வேண்டும். பிள்ளை வளர வளரப் பெருந்தமனி விரியக்கூடும், அதனால் பழைய எக்கோவை நம்பி இருக்க முடியாது. கண் டாக்டரிடமும் காட்டுங்கள், லென்ஸ் நழுவும் கோளாறு இதோடு வரும்.

காப்பீடு விஷயத்தில், சுகாதார அமைச்சும் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் சங்கமும் 2021இல் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. நோய் அறிகுறி இல்லாதவர் முன்கூட்டியே செய்துகொண்ட மரபணுச் சோதனையின் முடிவைக் காப்பீட்டு நிறுவனம் பயன்படுத்தக் கூடாது. மிகப் பெரிய தொகைக்கான சில காப்பீடுகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. ஆனால் நோய் உறுதியாகிச் சிகிச்சையில் இருந்தால் மறைக்க முடியாது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு லைஃப் என்ற அரசின் அடிப்படை மருத்துவக் காப்பீடு ஏற்கெனவே உள்ள நோயையும் சேர்த்தே காக்கிறது.

சோதனை முடிவு வரும்வரை போட்டிக்கு ஆட விடாதீர்கள். நாஃபா உடற்தகுதித் தேர்வுக்கும் டாக்டர் கடிதம் வாங்கிப் பள்ளியில் கொடுத்துவிடுங்கள். இருக்கிறது என்று வந்தால் கூடைப்பந்தை நிறுத்தச் சொல்வேன். நீச்சல், சைக்கிள் போல மூச்சடக்கிப் பளு தூக்காத எதையும் நிதானமாகச் செய்யலாம். தமனியின் அளவைப் பார்த்து டாக்டர் சொல்வார். அறிக்கைகளைக் கோப்பில் போட்டு வையுங்கள், தேசிய சேவைக்கு (இளைஞர்களுக்கான கட்டாயச் சேவை) முந்தைய மருத்துவப் பரிசோதனையில் கேட்பார்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு கேகே மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ போனால் மானியக் கட்டணம் கிடைக்கும்.