மாலத்தீவில் மதுவும் பன்றியிறைச்சியும் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாலத்தீவில் மதுவும் பன்றியிறைச்சியும் சட்டப்படி தடை என்று படித்தேன். ஆனால் என் அண்ணன் மகன் வேலை பார்க்கும் உல்லாசத் தீவில் இரண்டும் தாராளமாகக் கிடைக்கின்றன என்கிறான். இஸ்லாத்துக்கு முரணான சட்டமே இயற்றக் கூடாது என்று அரசியல் சாசனத்தில் எழுதி வைத்திருக்கும் ஒரு நாட்டில், நாடாளுமன்றம் ஒரே வரியில் இரண்டையும் ஒழித்துவிட முடியாதா? ஊருக்கு ஒரு நியாயம், டாலருக்கு ஒரு நியாயம் என்பது இரட்டை வேடமாகத் தெரியவில்லையா?

அன்புடன்,
ச., நாகர்கோவில்

அன்புள்ள ச.,

நீங்கள் கேட்கும் அந்த வரி அங்கே ஐம்பது ஆண்டுகளாகவே இருக்கிறது. நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாத பொருட்களைப் பற்றிய 1975ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டம் மது, பன்றியிறைச்சி, நாய், வழிபாட்டுச் சிலை எல்லாவற்றையும் தடுக்கிறது. ஆனால் மதுவையும் பன்றியிறைச்சியையும் சுற்றுலாப் பயணிகளின் தேவைக்காக அரசின் அனுமதியோடு இறக்குமதி செய்ய வழியும் விடப்பட்டிருக்கிறது. முதல் உல்லாசத் தீவான குரும்பா 1972இல் திறக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்தால் காரணம் விளங்கும். எனவே தலைநகர் மாலேயில் இந்த விவகாரம் கிளம்பும்போதெல்லாம் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: அந்த விலக்கை எடுப்பதா, வைப்பதா?

விலக்கு எப்படி நடைமுறையில் இருக்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். மாலத்தீவுச் சட்டம் தீவுகளை இரண்டாகப் பிரிக்கிறது: மக்கள் வசிக்கும் தீவு, வசிக்காத தீவு. உல்லாசத் தீவில் சில நூறு ஊழியர்கள் ஆண்டு முழுக்கத் தங்கியிருந்தாலும் அது கணக்கில் 'வசிக்காத தீவு'தான். மது உரிமம் அங்கே உண்டு; கடலில் சுற்றும் சஃபாரி படகுகளுக்கும் உண்டு. விமான நிலையம் இருக்கும் ஹுல்ஹுலே தீவின் ஹோட்டலிலும் மது கிடைக்கும்; அங்கிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் இருக்கும் மாலேயில் கிடைக்காது. குடிமக்கள் அனைவரும் முஸ்லிம்கள் என்பதால் (2008ஆம் ஆண்டுச் சாசனத்தின் 9ஆவது பிரிவின்படி முஸ்லிம் அல்லாதவர் குடியுரிமை பெற முடியாது) குடிப்பவர் சட்டப்படி வெளிநாட்டவராக மட்டுமே இருக்க முடியும். மதுக்கூடத்தில் ஊற்றிக் கொடுப்பவரும் பெரும்பாலும் இலங்கையரோ இந்தியரோதான்.

பயணி தன் பையில் ஒரு புட்டிகூடக் கொண்டுவர முடியாது. வருகைப் பகுதியில் எல்லாப் பைகளும் எக்ஸ்ரே வழியாகப் போகும். புட்டி இருந்தால் சுங்கத்துறை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தரும். நாடு திரும்பும்போது ரசீதைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம். துபாயிலோ கொழும்பிலோ டியூட்டி ஃப்ரீயில் வாங்கி, முத்திரை உடைக்காத பையில் வைத்திருந்தாலும் இதே கதிதான். உரிமம் பெற்ற இறக்குமதியாளர் கிடங்குக்கு எடுத்து, அங்கிருந்து உரிமம் உள்ள தீவுக்கு அனுப்புவது மட்டுமே சட்டபூர்வமான வழி.

இந்த ஏற்பாடு கசிவது இரண்டு இடங்களில். ஒன்று, உல்லாசத் தீவிலிருந்தும் படகிலிருந்தும் புட்டிகள் மாலேக்குக் கடத்தப்பட்டுப் பல மடங்கு விலைக்கு விற்கப்படுவது. இன்னொன்று, 2009–10 வாக்கில் மக்கள் வசிக்கும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் அனுமதிக்கப்பட்டபின் வந்தது. மாஃபுஷி போன்ற தீவில் தங்கும் பயணிக்குக் கரையில் மது கிடையாது. ஆகவே கரைக்குச் சற்றுத் தள்ளி மதுக்கூடப் படகு நங்கூரமிட்டு நிற்கிறது. சிறு படகில் ஆளை ஏற்றிப் போய்க் குடிக்கவைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். சட்டத்தின் எழுத்து மீறப்படவில்லை. ஆனால் குடித்தவர் இறங்கி நடப்பது பள்ளிவாசல் இருக்கும் அதே தெருவில்தான். அத்தீவு மக்களின் கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

பன்றியிறைச்சி வேறு விஷயம். அதற்குக் கள்ளச்சந்தை இல்லை; கடத்தி விற்றால் வாங்க உள்ளூரில் ஆளில்லை. அங்கே சிக்கல் சமையலறையில். ஒழுங்காக நடத்தப்படும் ஹோட்டலில் பன்றியிறைச்சிக்குத் தனிக் குளிர்பெட்டி, தனிக் கத்தி, தனி வெட்டுப்பலகை வைப்பார்கள். பஃபேயில் பெயர்ப்பலகையோடு ஒதுக்கி வைப்பார்கள். இறைச்சித் துண்டைக் கண்ணால் பிரித்துவிடலாம். இனிப்பில் இருக்கும் ஜெலட்டின், சாஸேஜின் மேலுறை, பேஸ்ட்ரியில் சேரும் பன்றிக்கொழுப்பு, ஈ471 என்று மட்டும் அச்சிட்ட கொழுப்புச் சேர்மம் ஆகியவற்றை அப்படிப் பிரிக்க முடியாது. ஈ471 தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். தயாரிப்பாளரின் ஹலால் சான்றிதழைப் பார்த்தால்தான் தெரியும். 'பன்றியிறைச்சிக்குத் தடை' என்று மட்டும் எழுதும் சட்டம் இதில் எதையும் தொடுவதில்லை. தடை கேட்டுக் குரல் எழுப்புகிறவர்கள் இந்தப் பக்கம் கவனம் செலுத்தினால், உல்லாசத் தீவில் வேலை செய்யும் மாலத்தீவு முஸ்லிம் ஊழியருக்கே அது முதலில் பயன்படும்.

இனி உங்கள் மையக் கேள்வி. சாசனத்தின் 10ஆவது பிரிவு, இஸ்லாத்தின் கோட்பாட்டுக்கு முரணான எந்தச் சட்டமும் இயற்றப்படக் கூடாது என்கிறது. அப்படியானால் இந்த விலக்கு செல்லுமா? 2011 டிசம்பரில் இந்தக் கேள்வி வீதிக்கே வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, மக்கள் வசிக்கும் தீவுகளின் ஹோட்டல்களிலும் மதுவை அனுமதிக்க அரசு கொண்டுவந்த விதி எதிர்ப்பு தாங்காமல் திரும்பப் பெறப்பட்டிருந்தது. 2011 நவம்பரில் ஐ.நா. மனித உரிமை ஆணையர் நவி பிள்ளை (தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர்) மாலத்தீவு நாடாளுமன்றத்தில் பேசும்போது, திருமணம் தாண்டிய உறவுக்குக் கசையடி தருவதை நிறுத்திவைக்கச் சொன்னது நெருப்பில் எண்ணெய் ஆயிற்று. டிசம்பர் 23 அன்று மதக் குழுக்களும் எதிர்க்கட்சிகளும் மாலேயில் பேரணி நடத்தின. முன்வைத்த கோரிக்கைகளில், மக்கள் வசிக்கும் தீவுகளில் மது கூடாது என்பதும் மசாஜ் நிலையங்கள் என்ற பெயரில் நடப்பவற்றை மூட வேண்டும் என்பதும் உண்டு.

அதிபர் முகமது நஷீதின் அரசு கேட்டதற்கு மேலேயே போனது. உல்லாசத் தீவுகளின் ஸ்பாக்களை மூடச் சொன்னது. மதுவையும் பன்றியிறைச்சியையும் நாடு முழுக்கத் தடைசெய்யப் பரிசீலிப்பதாக அறிவித்தது. அவற்றை இறக்குமதி செய்வது சாசனப்படி சரியா என்று உச்ச நீதிமன்றத்தைக் கேட்டது. பேரணியை ஆதரித்த தலைவர்களில் ஒருவரான காசிம் இப்ராஹிமே பல உல்லாசத் தீவுகளின் உரிமையாளர் என்பதால், அடி எங்கே விழும் என்று அரசுக்குத் தெரிந்தே இருந்தது. உச்சப் பருவத்தில், ஐரோப்பியப் பயண நிறுவனங்கள் முன்கூட்டியே விற்று முடித்திருந்த விடுமுறைகளுக்கு நடுவில் இது நடந்தது. 2012 ஜனவரி முதல் வாரத்திலேயே ஸ்பா உத்தரவு நீக்கப்பட்டது. நீதிமன்றம் கேள்வியை எடுத்துக்கொள்ள மறுத்தது. பிப்ரவரி 7 அன்று, வேறு காரணங்களும் சேர்ந்து, நஷீதின் ஆட்சியே போயிற்று. அதன் பிறகும் இறக்குமதியை முழுக்க நிறுத்தும் யோசனை நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது, சட்டமாகவில்லை.

அப்படியே சட்டமாகியிருந்தால்? அதற்கு ஈராக்கைப் பார்க்கலாம். ஐ.எஸ். அமைப்பிடமிருந்து மோசூல் நகரை மீட்கும் போர் தொடங்கி ஐந்து நாள் கழித்து, 2016 அக்டோபர் 22 அன்று, பாக்தாத் நாடாளுமன்றம் நகராட்சி வருவாய் பற்றிய ஒரு சட்டத்துக்குள் மதுத் தடையை நுழைத்து நிறைவேற்றியது. இறக்குமதி, உற்பத்தி, விற்பனை மூன்றுக்கும் தடை. அபராதம் 1 கோடி முதல் 2.5 கோடி தினார் வரை. சட்டம் அரசிதழில் வெளியானது 2023 பிப்ரவரியில்! ஆறாண்டுகள் அது சட்டமாகவும் இல்லை, செத்துப்போகவும் இல்லை. வெளியான அதே மாதம், இறக்குமதி மதுவுக்கு நான்காண்டுகளுக்கு 200 சதவீதச் சுங்கவரி என்று அமைச்சரவை முடிவு செய்தது. தடைசெய்த பொருளுக்கு எப்படி வரி? சுங்க அதிகாரி எந்தத் தாளைப் பார்த்து வேலை செய்வார்? அடி விழுந்தது மதுக்கடை நடத்திய கிறிஸ்தவர்கள் மீதும் யஜீதிகள் என்ற சிறுபான்மை மதத்தினர் மீதும். வேறு தொழில் அவர்களுக்கு எளிதாகக் கிடைப்பதில்லை. ஈராக்கின் வடக்கே தன்னாட்சி பெற்ற குர்திஸ்தான் பகுதி அந்தச் சட்டத்தைச் செயல்படுத்தவே இல்லை. அங்கிருந்து தெற்கே சாலை திறந்தே கிடக்கிறது.

மாலத்தீவில் சிறுபான்மைக் குடிமக்கள் இல்லாததால் அந்தக் கொடுமை நேராது. வேறு விதமாக வலிக்கும். அரசு வருமானத்தில் பெரும்பங்கு சுற்றுலாவிலிருந்து வருகிறது, 2011இல் 3.5 சதவீதமாகத் தொடங்கிய சுற்றுலா விற்பனை வரி இன்று 17 சதவீதம். 2024இல் வந்த பயணிகள் 20 லட்சத்துக்கு மேல். அரிசி, மாவு, எரிபொருள் எல்லாம் அந்த டாலரில்தான் கப்பல் ஏறி வருகின்றன.

இரட்டை வேடமா என்று கேட்டீர்கள். இல்லை என்பதே என் கருத்து. தன் ஊரில் மது வேண்டாம் என்று ஒரு சமூகம் முடிவு செய்வதும், விருந்தாளிக்கு வேறு இடத்தில் வேறு விதி வைப்பதும் வெளிப்படையாகச் செய்யப்பட்டால் நேர்மையானவைதான். குறை வெளிப்படை இல்லாததில் இருக்கிறது. எங்கே, யாருக்கு, எந்த உரிமத்தில் என்ற விவரமெல்லாம் அமைச்சக விதிகளில் கிடக்கிறது. ஆட்சியை மிரட்ட நினைப்பவர் யாரும் அதைக் கையில் எடுக்க முடிகிறது. நாடாளுமன்றம் செய்ய வேண்டிய வேலை அந்த விவரங்களைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது: மதுப்படகு கரையிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும், உரிமம் பெற்ற இடத்திலிருந்து புட்டி வெளியேறினால் உரிமையாளருக்கு என்ன தண்டனை, சமையலறையில் ஹலால் பொருளைப் பிரித்து வைப்பதை யார் சோதிப்பது. மாஃபுஷிக் கரையில் நிற்பவருக்கு முழுத்தடை பற்றிய எந்தப் பேச்சையும்விட இந்த மூன்றும் அதிகம் உதவும்.

அன்புடன்