ஃபார்மட் அடிக்க அவசரம் வேண்டாம், ஆச்சி

கானாடுகாத்தானில் இருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்கிறார். 2014-இல் காரைக்குடியில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டராம். ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டுப் போய் காபி போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேசினால் படம் அப்படியே நின்றுவிடுகிறது. தேதி தானாகப் பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது. கடைக்காரர் "ஃபார்மட் அடிச்சுப் பார்க்கலாம், சரிவரலன்னா புதுசு வாங்கிடுங்க" என்கிறார். குடும்ப வழி வரிசையும் கல்யாணச் சாமான் பட்டியலும் அதில்தான் தட்டச்சு செய்து வைத்திருக்கிறாராம், அதனால் பயமாக இருக்கிறதாம்.

பயப்பட்டது நல்லதுதான் ஆச்சி. நீங்கள் சொன்னது ஒரு கோளாறு இல்லை, மூன்று. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஃபார்மட் அடித்தால், அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால், முதல் கோளாறு ஒரு மாதம் அடங்கினாற்போல இருக்கும், மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதலில் அந்த வட்டம். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். மேல் வரிசையில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று சதவீதம் போட்டிருக்கும். உங்களுடையதில் சிபியு பத்து பதினைந்தில் சும்மா இருக்கும், டிஸ்க் மட்டும் 100 என்று சிவந்து நிற்கும், அநேகமாக. அதாவது உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக வேலை செய்யவில்லை, காத்துக்கொண்டு நிற்கிறது. விசேஷ வீட்டில் சமையல்காரர் அடுப்பை மூட்டி, கரண்டியும் கையுமாக நிற்கிறார், சாமான் அறைச் சாவியை வைத்திருப்பவர் ஒவ்வொரு கைப்பிடிச் சாமானுக்கும் வீட்டின் கோடியில் இருக்கும் நான்காங்கட்டுக்கு நடந்து போய்வருகிறார் என்றால் பந்தி எப்போது நடக்கும்? அந்த நடைதான் ஹார்ட் டிஸ்க். உள்ளே ஒரு தட்டு சுற்றுகிறது, ஒரு முள் அங்கும் இங்கும் நகர்ந்து தேடுகிறது, ஒவ்வொரு சின்னத் துண்டுக்கும் பத்து மில்லி செகண்ட் அளவுக்கு ஆகிறது. கேட்க ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கணக்கில் செகண்டுக்கு நூறு துண்டுதான் தேறும், விண்டோஸ் கிளம்பும்போது இப்படிச் சில்லறைத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கேட்கும். இதற்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டி என்ற சிப் வகை டிஸ்க்கில் தட்டும் இல்லை முள்ளும் இல்லை, அதே வேலைக்கு 0.1 மில்லி செகண்ட்கூட ஆகாது.

ஆகவே செலவு செய்ய வேண்டிய இடம் இது ஒன்றுதான். உங்கள் மதர்போர்டுக்கு, அதாவது எல்லாம் மாட்டியிருக்கும் அந்தப் பெரிய அட்டைக்கு, 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி கேளுங்கள். பட்டை மாதிரி ஒல்லியாக ஒன்று விற்கிறார்களே, எம்.2 என்று, 2014 போர்டில் அதற்குப் பெரும்பாலும் இடம் இருக்காது, வேகமானது என்று சொல்லித் தலையில் கட்டினால் வாங்கிவிடாதீர்கள். விண்டோஸைப் புது எஸ்எஸ்டியில் தனியாகப் போடச் சொல்லுங்கள், பழைய டிஸ்க்கைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு. எல்லாம் முடிந்து ஓடுகிறது என்று தெரிந்த பிறகு பழையதை இரண்டாவது டிஸ்க்காக மாட்டினால் போதும், உங்கள் ஃபைல் எதையும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இத்தனை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரை, "டி டிரைவில் ஒன்றும் இல்லை" என்று அந்த வீட்டுத் தம்பி சொன்னதை நம்பி முழுசாக அழித்தேன். அதில் அவர்கள் அப்பச்சியின் சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணப் படங்கள் இருந்தன. அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது இன்றைக்கும் வண்டியைக் கொஞ்சம் வேகமாகத்தான் ஓட்டுகிறேன்.

பழைய டிஸ்க்கில் இருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் மட்டும் வேறு எதையும் செய்யாமல் முதலில் படங்களையும் ஃபைல்களையும் ஒரு வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிடுங்கள். சத்தம் இல்லாவிட்டாலும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு, அது டிஸ்க் நலமா இல்லையா என்று நிறத்திலேயே காட்டும். நீலம் என்றால் சரி, மஞ்சள் என்றால் நகல் எடுக்கும் நாள் இன்றுதான்.

ரேம் 4 ஜிபி என்பது இப்போதைக்குக் குறைச்சல்தான், குரோமில் ஐந்தாறு டேப் திறந்தாலே நிரம்பிவிடும். முடிந்தால் இன்னொரு 4 போடுங்கள், உங்கள் போர்டுக்கு டிடிஆர்3 வேண்டும், டிடிஆர்4 அந்தப் பள்ளத்தில் உட்காரவே உட்காராது. ஆனால் எஸ்எஸ்டிக்குப் பதிலாக ரேம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்துக்குப் போய் உங்களுக்குப் பேர் தெரியாத, எப்போதும் பயன்படுத்தாத செயலிகளை டிசேபிள் செய்யலாம், இது காசில்லாத வைத்தியம். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள், விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும். "உங்கள் கணினியில் 1,342 பிழைகள்" என்று மிரட்டும் கிளீனர்கள் எல்லாமே வேண்டாத விருந்தாளிகள்.

இரண்டாவது, வீடியோ நிற்பது. இது கம்ப்யூட்டரின் தப்பே இல்லை என்று நினைக்கிறேன், தப்பு உங்கள் வீட்டின் மேல். சிரிக்காதீர்கள். மோடம் எங்கே இருக்கிறது? லைன் தெருவில் இருந்து வருவதால் வீட்டு முன்பக்கம் முகப்பிலோ பட்டாலையிலோ ஆணியடித்து மாட்டியிருப்பார்கள். கம்ப்யூட்டர் உள்ளே இரண்டாங்கட்டில். நடுவில் வளவு என்ற முற்றம், அதைத் தாண்டி நம் செட்டிநாட்டுச் சுவர். அந்தக் காலத்தில் கொத்தனார்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து வெயில் உள்ளே வராதபடி கட்டிய சுவர் அது, வைஃபையை மட்டும் சும்மா விட்டுவிடுமா? 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோப்ளாங்கி. 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மோடத்தின் பெயரோடு 5ஜி என்று ஒட்டியிருக்கும் இணைப்பை விட்டு மற்றதில் சேர்ந்து பாருங்கள், அது ஒரு தற்காலிக ஏற்பாடு. நிரந்தரம் என்றால் ஒரு லேன் கேபிள். நூறு மீட்டர் வரை தாராளமாகப் போகும், இந்தத் தெருவில் நுழைந்து அந்தத் தெருவில் வெளியே வரும் நம் வீடுகளுக்கே அது போதும். வளவுத் தூண்களை ஒட்டி உத்தரத்தின் மேலேயே கொண்டுபோனால் கண்ணில் படாது, தயவுசெய்து தேக்கு வாசல் நிலையில் துளை போட விடாதீர்கள். காரணம் இதுதானா என்று காசு செலவில்லாமல் உறுதி செய்ய, மகன் கூப்பிடும் நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு மோடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அதே வைஃபையில் பேசிப் பாருங்கள். அங்கே படம் நிற்கவில்லை என்றால் அநேகமாகச் சுவர்தான்.

மூன்றாவது, தேதி. இது சல்லிசு. போர்டில் காசு மாதிரி வட்டமான ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். கரண்டை எடுத்த பிறகும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான், பத்து வருஷத்தில் செத்திருக்கும். தேதி தப்பாக இருந்தால் பேங்க் பக்கம் திறக்கும்போது பாதுகாப்பு எச்சரிக்கை வந்து பயமுறுத்தும், அதை வைரஸ் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையத்தை, நம் செக்ரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் ஒரு காசு பேட்டரியை மாற்றாமல் இருக்கிறோம் பாருங்கள்.

டப்பாவைத் திறக்கும்போதே தூசியையும் ஊதிவிடச் சொல்லுங்கள். வயரைக் கழற்றிவிட்டு, வெளியே வைத்து, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். வெயில் காலத்தில் சூடு ஏறினால் சிபியு தன்னைத்தானே வேகம் குறைத்துக்கொள்ளும், ஆகவே அழகாக இருக்கிறது என்று தேக்கு பீரோவுக்குள் வைத்துக் கதவை மூடி வைத்திருந்தால் கதவைத் திறந்து வையுங்கள்.

அப்புறம் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்துவிட்டது. உங்கள் ஐ3, விண்டோஸ் 11-க்கு அதிகாரப்பூர்வமாகத் தகுதி பெறாது, எட்டாம் தலைமுறையில் இருந்துதான் சேர்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தருவதாக அறிவித்திருந்தார்கள், பதிவு செய்தால்தான் வரும். வீடியோ, மெயில், தட்டச்சு மட்டும்தான் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்வதே என் யோசனை, காசு கிடையாது. எதைப் போட்டாலும் பேங்க் வேலையைப் போனில் செய்யுங்கள்.

கடைக்காரரிடம் கொடுப்பதற்கு முன் ஒன்றே ஒன்று. அந்தச் சாமான் பட்டியல், இப்போது எல்லாரும் தமிழுக்குப் பயன்படுத்தும் யுனிகோடு முறைக்கு முந்தைய பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்ததாக இருந்தால், புது விண்டோஸில் திறக்கும்போது தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று தெரியும். ஃபைல் கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். இப்போதே வேர்டில் திறந்து மேலே எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு, சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸில் இருந்து அதை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, பட்டியலை ஒரு பிடிஎஃப் ஆகவும் சேமித்துவிடுங்கள்.