ஆங்கிலத்தில் 'சேப்பிட்' என்றால் என்ன? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

'சுவையுள்ள' என்று பொருள். எழுத்துக்கூட்டல் எஸ்-ஏ-பி-ஐ-டி. ரேப்பிட் பினாங்கு பஸ்ஸில் வரும் 'ரேப்பிட்' போலவே ஒலிக்கும், அழுத்தம் முதல் அசையில். தமிழ்க் காதுக்குச் 'சப்பென்று இருக்கு' என்பது ஞாபகத்துக்கு வரும். பொருள் அதற்கு நேர் எதிர்.

அகராதிகள் 'ருசியான' என்றும் சொல்கின்றன. உணவு அறிவியலில் இன்னும் கறாரான பொருள் உண்டு: நாக்குக்குத் தெரிகிற சுவை இருந்தாலே போதும், பிடித்திருக்க வேண்டியதில்லை. கசக்கிற பாகற்காயும் சேப்பிட்தான். உணவு எச்சிலில் கரைந்தால்தான் சுவை மொட்டுக்கு எட்டும். நாக்கை டிஷ்யூவால் நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு கற்கண்டை வைத்துப் பாருங்கள். எச்சில் ஊறும்வரை வெறும் கல்தான்.

மூலம் லத்தீன். 'சப்பெரே' என்ற வினைக்குச் சுவைத்தல், அறிந்துணர்தல் என இரண்டு பொருளும் உண்டு. அதிலிருந்து வந்த 'சப்பிடுஸ்' 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. 1758இல் லின்னேயஸ் மனித இனத்துக்கு வைத்த 'ஹோமோ சேப்பியன்ஸ்' என்ற பெயரும் இதே வேர்தான். மலேசியத் தமிழருக்கு இந்த இரட்டைப் பொருள் விளங்கச் சிரமமே இருக்காது. குழம்பை நக்கிப் பார்த்து மலாயில் 'ராசா' என்கிறோம், சுவை என்று. வானம் கறுத்தால் 'சாயா ராசா நாக் ஹூஜான்' என்கிறோம், மழை வரும்போல என்று. நாக்கில் படுவதற்கும் மனதில் படுவதற்கும் மலாயில் ஒரே சொல். அதுவும் சமஸ்கிருத 'ரச'தான். தமிழில் ரசமும் ரசனையும் அங்கிருந்தே வந்தவை.

'இன்சிப்பிட்' (சப்பென்ற) இதன் எதிர்ச்சொல். முன்னொட்டு சேர்ந்ததும் 'அ' ஒலி 'இ' ஆகிவிடும். லத்தீனில் ஃபாகிலிஸ் (எளிது) டிஃபிகிலிஸ் (கடினம்) ஆனதும் அப்படித்தான். விசித்திரம் என்னவென்றால், இன்சிப்பிட் அன்றாட ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது, சேப்பிட் அறிவியல் கட்டுரைகளோடு ஒதுங்கிவிட்டது. அதனால் நாசி கண்டார் கடைக்கு ரிவ்யூ எழுதும்போது இதைப் போடாதீர்கள். குழம்பு பஞ்சிர் (வெள்ளமாக) அடித்த சோற்றை 'சேப்பிட்' என்றால் ஆய்வுக்கூட அறிக்கை மாதிரி இருக்கும். அங்கே 'ஃபிளேவர்ஃபுல்' போதும்.

சப்போட்டாவை, அதாவது நம்மூர் சீக்கு பழத்தை, இந்த வேரோடு சேர்த்துவிட வேண்டாம். அது மெக்சிகோவின் நாவாட்டில் மொழிச் சொல்லிலிருந்து ஸ்பானிஷ் வழியாக வந்தது.