விருந்தாளின்னு சொல்லாதீங்க அண்ணா

அன்பு சகோதரருக்கு ஸ்தோத்திரம். ராணிப்பேட்டைல இருந்து எழுதறேன். மூணு ஞாயிறும் சபையில கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சாச்சு, அடுத்த வாரம் பொண்ணுக்கு கல்யாணம். நர்ஸா இருக்கா. ரிசப்ஷன்ல தகப்பனா ரெண்டு வார்த்தை பேசணும்னு ஆயர் சொல்லிட்டாரு. சைக்கிள் பார்ல உக்கார வெச்சு சண்டே ஸ்கூலுக்கு கூட்டிக்கினு போனதுல ஆரம்பிச்சு, 'இனி அதுதாம்மா உன் வீடு, இங்க நீ விருந்தாளி, என்ன வந்தாலும் பொறுத்துப் போ'ன்னு எழுதி வெச்சிருக்கேன். எந்த வசனத்தோட முடிக்கலாம்? எபேசியர் 5-ஆ, ரூத்தா?

அண்ணா, ஸ்தோத்திரம். பிள்ளைங்க ரெண்டு பேரையும் கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும். அந்த சைக்கிள் வரி படிச்சு கண்ணு கலங்கிடுச்சு, அதுல கை வெக்காதீங்க. ஆனா விருந்தாளி வரியை இன்னிக்கே அடிச்சிடுங்க. பெத்த பொண்ணை சபை நடுவுல நிக்க வெச்சு இப்படி சொல்ல எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?

கொஞ்ச நாளாவே எங்க பெரியம்மா பொண்ணு ஞாபகமா இருக்கேன், அந்த நேரம் பாத்து உங்க கடிதம். தொண்ணூறுகள்ல அக்காவுக்கு கல்யாணம். பெரியப்பா மைக் புடிச்சு 'அழுத கண்ணோட இந்த வாசலை மிதிக்காத, முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணு'ன்னாரு, மண்டபமே ஆமென் சொல்லுச்சு. அப்புறம் ஒரு நாள் மத்தியானம் குடியாத்தம் பஸ்ல வந்து எறங்கினா. சும்மா பாத்துட்டு போலாம்னு வந்தேன்னா. பெரியம்மா பையை வாங்கி உள்ள வெக்கறாங்க, அதுல சர்டிபிகேட் ஃபைலு, பேங்க் பாஸ்புக்கு, குழந்தையோட ஸ்வெட்டரு. சும்மா பாக்க வர்றவ கொண்டார்ற சாமானா அது? பெரியப்பா சாயந்தரம் வந்து சாப்ட்டியாம்மான்னு கேட்டாரு, கையோட திரும்பிப் போறதுக்கு எத்தினி மணிக்கு பஸ்சுன்னும் கேட்டாரு. வளையலுக்கு மேல இருந்த தழும்பை நான் பாத்தேன், அவரும் பாத்திருப்பாரு. அக்கா அதே பையோட அன்னிக்கே கெளம்பிட்டா.

அப்ப சட்டமும் அவ பக்கம் இல்ல. 1869-ல போட்ட விவாகரத்து சட்டம் அது, 2001-ல திருத்துற வரைக்கும் கிறிஸ்தவப் பொண்ணு புருஷன் அடிக்கிறான்னு மட்டும் சொல்லி விவாகரத்து வாங்க முடியாது, அவனுக்கு வேற தொடர்பு இருக்குன்னும் சேத்து நிரூபிக்கணும், ஆம்பளைக்கு மட்டும் பொண்டாட்டிக்கு தொடர்புன்ற அந்த ஒண்ணே போதும். சட்டமாவது மாறிடுச்சு, நம்ம அப்பனுங்க பேச்சு மட்டும் இன்னும் மாறல.

ஆதியாகமம் 2:24 இன்னா சொல்லுது? 'புருஷன் தன் தகப்பனையும் தன் தாயையும் விட்டு, தன் மனைவியோடே இசைந்திருப்பான்.' விட்டு வரச் சொன்னது பையனை அண்ணா, பையனை! அந்த வசனத்தை கல்யாணத்துக்கு கல்யாணம் வாசிக்கறோம், வாசிச்சுட்டு பொண்ணை அனுப்பி வெக்கறோம், பையனோட ஏடிஎம் கார்டு அவங்க அம்மா கைலயே இருக்கு. புத்தி சொல்லணும்னா அங்க சொல்லுங்க. மோசேக்கு மாமனார் எத்திரோவும் புத்தி சொன்னாரு, யாத்திராகமம் 18 படிங்க, சொல்லி முடிச்சுட்டு அவர் தேசத்துக்கு திரும்பிப் போயிட்டாரு. பெத்தவங்க நமக்கு அதுதான் அளவு, ரெண்டு வீட்டுக்கும் சேத்துதான் சொல்றேன்.

1909-லயே நர்ஸிங் ஸ்கூல் ஆரம்பிச்ச ஊரு நம்ம வேலூரு. உங்க பொண்ணு நைட் ட்யூட்டி பாத்து தன் கால்ல நிக்குது, எதைப் பொறுக்கணும் எதைப் பொறுக்கக் கூடாதுன்னு அதுக்கே தெரியும்.

எபேசியரா ரூத்தான்றதை விடுங்க, ஆயர் எப்படியும் பிரசங்கத்துல சொல்லிடுவாரு. நீங்க சங்கீதம் 121:8 எடுத்துக்கோங்க: 'கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்.' சைக்கிள் கதையும் இந்த வசனமும் மேடைக்கு போதும். மத்ததை முந்தின நாள் ராத்திரியே வீட்ல பொண்ணு கிட்ட பேசிடுங்க, அம்மாவும் பக்கத்துல இருக்கட்டும். எந்த நேரமா இருந்தாலும் கெளம்பி வா, காரணம் கேக்க மாட்டேன்னு உங்க வாயால சொல்லுங்க, வாசல் சாவி ஒண்ணு அது கைல குடுங்க. சம்பந்தி வீட்ல இதை தப்பா எடுத்துக்கிட்டா என் கிட்ட பேசச் சொல்லுங்க.