ஓசியில் வந்த ஆல்பம்: கலைஞருக்குப் பணம் எந்த வழியில் அதிகம் போய்ச் சேரும்?

கேள்வி: நண்பர் அனுப்பிய கோப்பில் ஒரு சுயாதீனக் கலைஞரின் ஆல்பம் கேட்டேன். மிகவும் பிடித்துவிட்டது. இனி ஸ்பாட்டிஃபையில் ஓடவிட்டால் அவருக்குச் சேரவேண்டியது சேர்ந்துவிடுமா?

சேராது. உங்கள் சந்தாவை நீங்கள் கேட்ட கலைஞருக்கென்று தனியே எடுத்துவைப்பதில்லை. எல்லார் சந்தாவும் ஒரே உண்டியலில் விழுகிறது. மொத்தக் கேட்பில் யார் பங்கு எவ்வளவோ அந்த விகிதத்தில் பிரிக்கிறார்கள். மாதம் முழுக்க இவரை மட்டுமே கேட்டாலும் உங்கள் பணத்தில் பெரும்பகுதி வேறு யார் யாருக்கோதான் போகும். போதாததற்கு, 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டின் ஒலிப்பதிவுக்கு உரிமத்தொகை (ராயல்டி) ஒரு பைசாகூடக் கிடையாது. அதற்காக இரவெல்லாம் ஒரே பாட்டைச் சுழலவிடாதீர்கள். செயற்கைக் கேட்பு என்று கண்டால் அந்த எண்ணிக்கையைக் கழித்துவிடுவார்கள். அளவு மீறினால், பாட்டைத் தளத்தில் ஏற்றித்தரும் விநியோக நிறுவனத்துக்கு அபராதம், அது கலைஞர் தலையில் விடியும்.

விலை கொடுத்து வாங்குவதே நேர்வழி. கலைஞர்கள் தங்கள் இசையை ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் விற்பனையில் 15% எடுக்கிறது. 10 டாலர் ஆல்பத்தில் 1.50 போக, பரிமாற்றக் கட்டணமும் கழிந்து மிச்சம் கலைஞருக்கு. அந்தக் கட்டணத்தில் சதவீதத்தோடு ஒரு நிலையான தொகையும் உண்டு. 1 டாலர் கொடுத்து ஒற்றைப் பாட்டு வாங்கினால் அதுவே கணிசமாகத் தின்றுவிடும். ஆல்பமாக வாங்குங்கள். போட்ட விலைக்கு மேலும் கொடுக்கலாம். 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' நாட்களில் தளம் தன் பங்கையே விட்டுக்கொடுக்கிறது. தேதி பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது.

நீங்களும் கலைஞரும் இந்தியாவில் இருந்தால் ஒரு சிக்கல். 2021 ஏப்ரல் 1 முதல், இணையப் பணப் பரிமாற்ற நிறுவனமான பேபால் இங்கே உள்நாட்டுப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. பேபாலை நம்பிய கடைகளில் பணம் நகராது. கலைஞரிடமே யுபிஐ முகவரி கேட்டு, வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பிவிடுங்கள். பிடித்தம் இல்லை.

இதிலும் ஓர் ஓட்டை: பாடகருக்குப் போன பணத்தை அவர் பிரித்துக் கொடுத்தால்தான் பாட்டெழுதியவருக்குக் கிடைக்கும். 2012 திருத்தத்துக்குப் பின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் உரிமத்தொகைப் பங்கை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. ஆனால் பணம் தானாக வராது. பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களுக்கான உரிமத்தொகையை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று தனித்தனியே பதியவேண்டும். உறுப்பினரானதோடு நிறுத்திவிட்டு, பணம் வரும் என்று காத்திருப்பதுதான் வழக்கமான தவறு. பாட்டு வெளியாகும் முன்பே பங்கு விகிதத்தைத் தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுவது பாட்டை உருவாக்கியவர்கள் வேலை. உங்கள் வேலை, யுபிஐ குறிப்பில் ஆல்பத்தின் பெயரை எழுதுவது. எதற்கு வந்த பணம் என்று தெரிந்தால்தான் அவரால் பங்கு பிரிக்க முடியும்.