சொன்னது யார்? வம்சம் தேடுவோரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கணவரின் கொள்ளுத்தாத்தா இங்கிலாந்துக்காரர். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவருக்கு வயது 24, 1891இல் 32, 1901இல் 45 என்று இருக்கிறது. இது ஒரே ஆள்தானா?

பதில்: ஒரே ஆளாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. இரண்டு மூன்று வயது முன்பின்னாக இருந்தால் அதற்காக யாரையும் தள்ளிவிடாதீர்கள். வீட்டுக்கு ஒரு படிவம் கொடுத்து, குடும்பத்தலைவரை நிரப்பச் சொல்வார்கள். அதை வாங்கிப்போன கணக்கெடுப்பாளர் தன் புத்தகத்தில் பார்த்து எழுதுவார். 1901 வரை நமக்குக் கிடைப்பது அநேகமாக அந்தப் புத்தகம்தான். வீட்டாரே எழுதிய படிவம் 1911இலிருந்துதான் கிடைக்கிறது. ஆக, முதலில் கேட்க வேண்டியது 'வயது எத்தனை' என்பதல்ல, 'இதைச் சொன்னது யார்' என்பது. அவர் வாடகை அறையில் தங்கியிருந்தால், சொன்னது வீட்டுக்காரராக இருக்கலாம். அவருக்கு இவர் வயது எப்படித் தெரியும்?

கணக்கெடுத்த இரவையும் பாருங்கள். 1881இல் ஏப்ரல் 3, 1891இல் ஏப்ரல் 5, 1901இல் மார்ச் 31. ஏப்ரல் 3 அன்று 24 வயது என்றால், பிறந்தது 1856 ஏப்ரல் 4க்கும் 1857 ஏப்ரல் 3க்கும் இடையில். 1901 கணக்குப்படி 1855 ஏப்ரலிலிருந்து 1856 மார்ச்சுக்குள். இந்த இரண்டுக்கும் இடைவெளி சில நாள்தான்! விலகி நிற்பது 1891 மட்டும். அது 1858-59ஐக் காட்டுகிறது. அதனால் 1854 முதல் 1860 வரை வலையை விரித்துத் தேடுங்கள். ஆளை உறுதிசெய்ய வயதைவிட மனைவி பெயர், மூத்த பிள்ளைகளின் பெயர் வரிசை, தொழில், பிறந்த ஊர் இவைதான் உதவும். பிறந்த ஊரிலும் ஒரு எச்சரிக்கை: பலர் வளர்ந்த ஊரையே பிறந்த ஊராகச் சொல்லியிருப்பார்கள். அவர் குழந்தையாகப் பெற்றோருடன் இருந்த கணக்கெடுப்பைத் தேடிப்பிடியுங்கள். அங்கே சொன்னது பெற்றவர்கள். அதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

1841க்குப் போனால் இன்னொரு சிக்கல். 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 என்பது 30 ஆகிவிடும். உறவுமுறையும் அதில் இல்லை. அயர்லாந்தில் இதற்கு நேர்மாறு: 1901க்கும் 1911க்கும் இடையே பத்து வயது கூட வேண்டியவர்களுக்குப் பதினைந்து கூடியிருக்கும். 1909இல் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்ததுதான் இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி: இங்கிலாந்துப் பிறப்புப் பதிவு அட்டவணையில் ஒரே பெயரில் இரண்டு பதிவுகள். எது எங்களுடையது என்று சான்றிதழை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சுருக்கச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்காது. அதை வாங்கி ஏமாறாதீர்கள், முழுச் சான்றிதழாகவே கேளுங்கள். இங்கிலாந்து-வேல்ஸில் பதிவு தொடங்கியது 1837 ஜூலை 1. அட்டவணை பிறந்த தேதிப்படி அல்ல, பதிவுசெய்த காலாண்டுப்படி இருக்கும். டிசம்பரில் பிறந்த பிள்ளை பெரும்பாலும் அடுத்த ஆண்டின் மார்ச் காலாண்டில்தான் வரும். பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர் 1837 முதலே உண்டு. பல சமயம் அதுவே இரண்டில் ஒன்றைக் கழித்துவிடும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் கட்டம் கட்டமாகப் படியுங்கள். முதல் கட்டத்தில் தேதியோடு மணி நேரமும் எழுதியிருந்தால் இரட்டைக் குழந்தையாக இருக்கலாம். பக்கத்துப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். ஐந்தாவது கட்டம் தாயின் பெயர். அங்கே 'ஃபார்மர்லி' (formerly) என்ற சொல்லுக்குப் பின் வருவது பிறந்தவீட்டுப் பெயர். அதற்கு முன் 'லேட்' (late, இங்கே 'முன்பு' என்ற பொருளில்) என்று இன்னொரு பெயரும் இருந்தால், அவருக்கு முன்பே ஒரு திருமணம் நடந்திருக்கிறது என்று பொருள். இதைக் கவனிக்காமல் தவறான திருமணத்தைத் தேடி மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. ஏழாவது கட்டம் தகவல் சொன்னவருடையது: கையெழுத்து, உறவு, முகவரி. கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி இருந்தால், குடும்பப்பெயரைப் பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்; எழுத்து மாறியதற்குக் காரணம் அங்கேயே இருக்கிறது.

தேதியையும் கண்மூடி நம்ப வேண்டாம். 42 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும். தாமதித்தவர்கள் அபராதத்துக்குப் பயந்து பிறந்த நாளைத் தள்ளிச் சொன்னதுண்டு. ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதிக்கு முன்னால் இருந்தால் திகைக்காதீர்கள்.

கேள்வி: பாட்டியின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. வழி அடைபட்டுவிட்டதா?

பதில்: இல்லை. இங்கிலாந்தில் 1875 முதல், மணமாகாத தாயின் குழந்தை என்றால், தந்தை நேரில் வந்து கையெழுத்திட்டால்தான் அவர் பெயர் ஏறியது. ஆக, அந்தக் கோடு தந்தை யார் என்று தெரியாததைச் சொல்லவில்லை, அவர் பதிவு அலுவலகத்துக்கு வரவில்லை என்பதைத்தான் சொல்கிறது. குழந்தையின் நடுப்பெயர் ஒரு குடும்பப்பெயர் போல ஒலிக்கிறதா பாருங்கள். பல தாய்மார்கள் தகப்பன் பெயரை அங்கேதான் பத்திரப்படுத்தினார்கள். ஞானஸ்நானப் பதிவையும், ஜீவனாம்ச வழக்குகளையும் பாருங்கள். திருமணச் சான்றிதழில் தந்தை பெயர் இருந்தாலும், கௌரவத்துக்காகக் கற்பித்துச் சொன்னதாக இருக்கலாம். இன்னொரு ஆவணம் ஒத்துப்போகும்வரை பென்சிலில் எழுதி வையுங்கள்.

கேள்வி: அமெரிக்காவுக்குப் போன உறவினரை 1890 கணக்கெடுப்பில் எப்படித் தேடியும் காணோம்.

பதில்: தேடல் தவறல்ல, ஏடே இல்லை. 1890 ஏடுகளில் பெரும்பகுதி 1921 தீவிபத்தோடு போய்விட்டது. 1900க்குத் தாவுங்கள். அதில் பிறந்த மாதமும் ஆண்டும், மணமாகி எத்தனை ஆண்டு, தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்றுகூட இருக்கும். 1940இல் இன்னும் நல்லது: தகவல் சொன்னவரின் பெயருக்கு அருகே வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி. அங்கே 72 ஆண்டு கழித்துத்தான் ஏடுகள் திறக்கும். 1950 ஏடு 2022 ஏப்ரலில் வந்தது. இங்கிலாந்தில் நூறாண்டு காத்திருக்க வேண்டும். 1931 ஏடு தீயில் போனது, 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. இடைவெளியை, போர் தொடங்கியதும் நாட்டு மக்களைக் கணக்கெடுத்த 1939 செப்டம்பர் 29 பதிவேடு நிரப்பும்.

ஏடு இருந்தும் ஆள் கிடைக்காவிட்டால் குடும்பப்பெயரை விட்டுவிட்டு, முதற்பெயர், பிறந்த ஆண்டு, ஊர் மூன்றை மட்டும் கொடுங்கள். பழைய கையெழுத்தில் எல், எஸ், டி எழுத்துகளின் தலைப்புச் சுழிகளைப் பிரதியெடுப்பவர்கள் குழப்பிவிடுவார்கள். குடும்பத்தில் அபூர்வமான பெயருள்ள தம்பியோ தங்கையோ இருந்தால் அவரைத் தேடுங்கள்.

கேள்வி: இந்தியக் கணக்கெடுப்பில் தாத்தாவின் பெயரைப் பார்க்க முடியுமா?

பதில்: முடியாது. 1948 மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தனிநபர் விவரங்களைப் பார்வையிட யாருக்கும் உரிமையில்லை என்கிறது. பிறப்புப் பதிவேட்டைத்தான் நாட வேண்டும். விண்ணப்பத்தில் தாத்தாவின் பெயரை மட்டும் எழுதினால் 'பதிவு இல்லை' என்று வரக்கூடும், ஏனென்றால் பழைய பதிவுகள் பலவற்றில் குழந்தையின் பெயர்க்கட்டமே காலி. தந்தை பெயர், தாய் பெயர், கிராமம், ஆண் பெண் விவரம், முன்பின் மூன்று ஆண்டு என்று கேளுங்கள்.